சொர்ணம் அக்கா வீட்டுக்கு எடை மெஷின் வாங்கிய கதை

லஸ் பக்கத்துப் பூங்காவின் வாசலில் தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு மரப்பலகை வந்து உட்காரும். பலகைமேல் முள் வைத்த பழைய எடை மெஷின். அதையொட்டி நீலநிற பிளாஸ்டிக் ஸ்டூல். ஸ்டூலில் சொர்ணம் அக்கா.

எதிர்ப்பக்கக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து இரண்டு வருடமாக இதைப் பார்த்து வருகிறேன். மெஷினில் ஏறும்போது மனிதர்கள் வேறு ஆளாகிவிடுகிறார்கள். செருப்பைக் கழற்றுவது எல்லோரும் செய்வது. சிலர் செல்போனைக் கீழே வைப்பார்கள், சிலர் மூக்குக்கண்ணாடியை. ஒருவர் சாவிக்கொத்தை நண்பரிடம் கொடுத்துவிட்டு ஏறினார். ஏறியபின் ஞாபகம் வந்து மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்தார். முள் ஆடி நிற்கும் அந்த இரண்டு நொடியும் சொர்ணம் அக்கா மெஷினைப் பார்க்கவே மாட்டார். தூங்குமூஞ்சி மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் காரணம் கேட்டேன்.

“அவுங்க நம்பரு, அவுங்க பாக்கட்டும். நானும் பாத்தா அவுங்களுக்கு இன்னும் ரெண்டு கிலோ ஏறிடும் தம்பி” என்றார்.

அபிராமபுரத்தில் ஒரு வீட்டில் பன்னிரண்டு வருடம் சமையல் வேலை பார்த்தவர் அவர். அந்த வீட்டுக்காரர்கள் ஊர் மாறிப் போகும்போது, “உனக்கு என்ன வேணுமோ எடுத்துக்கோ” என்றார்கள். அக்கா மிக்ஸியைக் கேட்டார். மிக்ஸி ஏற்கெனவே வேறு யாருக்கோ சொல்லியாகிவிட்டது. மெஷின்தான் மிச்சம். தூக்கிக்கொண்டு கோட்டூர்புரம் வாரியக் குடியிருப்புக்குப் போனார். ஒரு வாரம் வீட்டு மூலையில் கிடந்தது. எட்டாம் நாள் பூங்கா வாசலுக்கு வந்துவிட்டது. கணவர் அம்மாசி கொட்டிவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வாட்ச்மேன். வாரத்தில் ஒருநாள்தான் வீட்டுக்கு வருவார். காலையில் பூங்கா, பிறகு இரண்டு வீட்டுச் சமையல், சாயங்காலம் மகளின் கபடி. இதுதான் அக்காவின் நாள்.

இதில் கபடியைச் சொல்லும்போதுதான் அக்காவுக்குக் குரல் உயரும்.

மகள் தமிழ்நிலா மாநகராட்சிப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. ரெய்டர். எதிரணிக் கட்டத்துக்குள் பாடிக்கொண்டே போய், தொட்டுவிட்டுத் திரும்புகிறவள். அவள் திரும்பும் வேகத்தை நான் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். கதவு இடுக்கில் பல்லி நுழைவதுபோல, பார்த்தோமா இல்லையா என்று சந்தேகம் வரும். மாவட்ட அணிக்கான தேர்வு அடையாறில் ஒரு மைதானத்தில் அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு நடக்க இருந்தது. பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவு. எடை ஐம்பத்தைந்து கிலோவைத் தாண்டக் கூடாது. நூறு கிராம் தாண்டினாலும் கட்டத்துக்குள் கால் வைக்க விடமாட்டார்கள்.

தமிழ்நிலாவின் எடை எவ்வளவு என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

அம்மாவின் மெஷின் ஐம்பத்து நான்கு என்றது. பள்ளியின் மருத்துவ அறையில் இருக்கும் மெஷின் ஐம்பத்தைந்தே முக்காலுக்கு மேல் என்றது. தமிழ்நிலா பள்ளி மெஷினை நம்பினாள். இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். மூன்று நாள் கழித்துத்தான் அக்கா கண்டுபிடித்தார், தட்டில் போட்ட தோசை அப்படியே மூடி வைத்த சட்டிக்குள் இருந்தது.

“இன்னாடி இது?”

“பசிக்கலம்மா.”

“உனுக்கா? பசிக்கலையா? எனுக்கே காது குத்துறியா?”

“உன் மெஷினு சும்மா ஸீனு காட்டுதும்மா. பார்க்குல வர்ற தாத்தாங்களுக்குத்தான் அது செட்டாவும்.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. மகள் சாப்பிடாதது ஒரு பக்கம். மெஷினைச் சொன்னது இன்னொரு பக்கம். மறுநாளே பள்ளிக்குப் போய் உடற்கல்வி ஆசிரியை தாரணியைப் பார்த்தார்.

“பட்டினி மட்டும் போடவே கூடாதுங்க” என்றார் தாரணி. “எண்ணெய்ப் பலகாரம், கூல்டிரிங்க்ஸ் நிறுத்தினாலே போதும். முதல்ல வீட்டுக்கு ஒரு நல்ல டிஜிட்டல் மெஷின் வாங்குங்க. தினமும் காலையில, எழுந்து பாத்ரூம் போயிட்டு வந்ததும், எதுவும் சாப்பிடுறதுக்கு முன்னாடி, ஒரே டைம்ல நிக்க வைங்க. அதுல வர்ற நம்பரைப் பார்த்துத்தான் எவ்ளோ சாப்பிடலாம்னு நாம சொல்ல முடியும். மெஷின் தப்பா இருந்துச்சுன்னா பொண்ணு வீணா பட்டினி கெடப்பா, இல்லைன்னா அன்னிக்கு வெளிய நிப்பா.”

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த ஊரில் எடை மெஷினைப் பற்றிச் சொர்ணத்துக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா?

“டீச்சர், மெஷின் வாங்குறத என் கையில வுட்டுருங்க” என்றார்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, தம்பி செந்தில்குமாரின் ஆட்டோவில் தி. நகருக்குக் கிளம்பினார். தனியாக இல்லை. பின் சீட்டில் அவருக்குப் பக்கத்தில், கட்டு பிரிக்காத ஓர் அரிசி மூட்டையும் உட்கார்ந்திருந்தது.

“யக்கா, அரிசி எதுக்கு? கடையில மாத்தப் போறியா?” என்றார் செந்தில்குமார்.

“மெஷினு வாங்கத்தான் போறேன்.”

“அதுக்கு அரிசி?”

“நீ ரோட்டப் பாரு நைனா.”

ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் சுயம்புலிங்கத்தின் வீட்டு உபயோகப் பொருள் கடை. தென்காசிப் பக்கத்துக்காரர். கல்லாவுக்குப் பின்னால் உட்காராமல் கடை நடுவில் நின்றுகொண்டே இருப்பவர். அக்கா முன்னால் வர, தோளில் அரிசி மூட்டையோடு செந்தில்குமார் பின்னால் வர, குக்கர் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் வழிவிட்டார்கள்.

“வாங்க தாயி. இது அரிசிக் கடை இல்லையே” என்றார் சுயம்புலிங்கம்.

“தெரியும். ஆளு எடை பாக்குற மெஷினு வேணும். வூட்டுக்கு.”

“பாத்ரூம் ஸ்கேலா? அஞ்சு வகை இருக்கு. எல்லாமே ஒண்ணாம் நம்பர் சரக்குதான். இந்தா, இது கண்ணாடி மேல வெள்ளைப் பூப் போட்டது, வீட்டுக்கு வாறவங்க கேப்பாங்க எங்க வாங்குனன்னு…”

“பூவ வுடு. அஞ்சையும் எறக்கி வை. அந்த மிதியடி மேல வைக்காத. வெறுந்தரையில வை. மெத்துனு கீற எடத்துல வெச்சா எந்த மெஷினும் உளறும்.”

சுயம்புலிங்கம் அக்காவை இன்னொரு முறை பார்த்தார். பிறகு அவரே குனிந்து மிதியடியை உருவினார்.

ஐந்து மெஷின்கள் வெறும் கல் தரையில் வரிசையாக நின்றன. அக்கா ஒவ்வொன்றையும் நான்கு மூலையிலும் விரலால் அழுத்திப் பார்த்தார். ஒன்று டக்டக்கென்று ஆடியது. “இதுக்கு ஒரு காலு குட்டை” என்று ஓரமாகத் தள்ளினார். மீதி நான்கில் ஏறினார். ஒவ்வொன்றிலும் மூன்று முறை. இறங்கி, எண் அணையும்வரை காத்திருந்து, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி.

பூப் போட்ட மெஷின் மூன்று முறையும் 62.3 என்று ஒரே எண்ணைச் சொன்னது. மற்றவை ஒரு முறை நூறு கிராம் கூட, ஒரு முறை குறைவு.

“பாத்தீயளா தாயி! அச்சுப் பிசகல” என்றார் சுயம்புலிங்கம், பூவைத் தடவிக்கொண்டே.

அக்கா சிரித்தார். பையிலிருந்து அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். நிறையத் தண்ணீர். அதைக் கையில் பிடித்துக்கொண்டு பூவின் மேல் ஏறினார்.

62.3.

கையில் அரை லிட்டர் தண்ணீரோடு நிற்கிற பெண்ணுக்கு, தண்ணீர் இல்லாத எடை.

“அண்ணாச்சி, என் கையில கீற தண்ணி எங்க போச்சு?” என்றார் அக்கா.

“அதானே!” என்றது குக்கர் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

“இது எடை போடல அண்ணாச்சி. முன்னாடி சொன்னத ஞாபகம் வெச்சிக்கினு அதையே திருப்பிச் சொல்லுது. கிட்டத்தட்ட அதே எடை வந்துச்சுன்னா, அதே ஆளுதான்னு நெனச்சிக்கினு பழைய நம்பரக் காட்டும். என் கிட்ட பார்க்குல ஒரு சாரு சொல்லிக்கினு இருந்தாரு, எங்க வூட்டு மெஷின்ல பத்து நாளா ஒரே எடைன்னு. அப்பவே எனுக்கு டவுட்டு.”

சுயம்புலிங்கம் தானே பாட்டிலை வாங்கி ஏறிப் பார்த்தார். இறங்கி, பாட்டில் இல்லாமல் ஏறினார். இரண்டு தடவையும் ஒரே எண். காது சிவந்துவிட்டது.

“ஏலே மகேஷு, இத உள்ள கொண்டு போயி வை. நாம இத இத்தன நாளா வித்துருக்கோம்லே” என்றார் விற்பனைக்காரரிடம்.

மிச்சம் மூன்று. இப்போதுதான் அக்கா மூட்டைக்குத் திரும்பினார். கடைக்குள் இருபது பேராவது கூடிவிட்டார்கள். படிக்கட்டு ஓரமாக நின்று செல்போனில் படம் எடுத்தாள் ஒரு பெண். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“இது இருபத்தஞ்சு கிலோ மூட்டை. பிரிக்கல, தைச்ச தையல் அப்டியே கீது. மொதல்ல நான் மட்டும் ஏறுவேன். அப்பால மூட்டையோட ஏறுவேன். வித்தியாசம் கரெக்டா இருபத்தஞ்சு வரணும். எது சொல்லுதோ அதான் நம்ம மெஷினு.”

“அப்டிப் போடு!” என்றார் செந்தில்குமார். காலையில் மூட்டை எதற்கு என்று கேட்டவரே அவர்தான்.

முதல் மெஷின். அக்கா மட்டும்: 62.0. மூட்டையோடு: 88.0. கணக்கைக் கூட்டமே சத்தமாகப் போட்டது. இருபத்தாறு. அக்கா உதட்டைப் பிதுக்கினார்.

இரண்டாவது. 62.1, 88.1. மறுபடி இருபத்தாறு. “ஐயோ” என்றது கூட்டம்.

மூன்றாவது, சாம்பல் நிறம், பார்க்க ஒன்றுமில்லாத ஒன்று. அக்கா ஏறினார். 59.6. மூட்டையைத் தோளில் வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினார். கழுத்து நரம்பு புடைத்தது. 84.6.

“இருபத்தஞ்சு!” என்று கத்தினார் செந்தில்குமார். கூட்டம் கைதட்டியது. குக்கர் வாங்க வந்த பெண் ஒருத்தி, “எனுக்கும் இதே ஒண்ணு குடுங்க” என்றாள்.

சுயம்புலிங்கம் மட்டும் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார். “தாயி, ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்காதீய. ரெண்டு மெஷினு ஒரே மாதிரி சொல்லுது. இது ஒண்ணு மட்டும் வேற மாதிரி. உங்களையே ரெண்டு கிலோவுக்கு மேல கொறச்சுக் காட்டுது. எனக்கென்னவோ…”

“ரெண்டு பேரு கூட்டு சேந்து பொய் சொன்னா அது நெசமாயிடுமா அண்ணாச்சி? பார்க்குல என் மெஷினு என்னிய அறுபதுன்னுதான் சொல்லுது. இது அம்பத்தொம்பதரைன்னு சொல்லுது. ரெண்டும் ஒத்துப் போவுதா இல்லையா?”

சுயம்புலிங்கம் பில் புத்தகத்தை எடுத்தார். சாம்பல் மெஷின் ஆட்டோவில் ஏறியது. வழியில் ஒரு சிக்னலில் நின்றபோது அக்கா அட்டைப்பெட்டியை மடியில் வைத்து, வெளியே எட்டிப் பார்க்கிற குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தாராம். செந்தில்குமார் சொன்னது.

அடுத்த நாள் காலை தமிழ்நிலாவை நிறுத்தினார்கள். 53.7.

“யம்மா!” என்று குதித்தாள். குதித்ததில் எண் அணைந்து மறுபடி வந்தது. 53.7.

அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் கொண்டாட்டம். இரவு தோசை திரும்பி வந்தது. முட்டை வந்தது. புதன்கிழமை மத்தி மீன் குழம்பு. காலையில் பூங்கா வாசலில் அக்கா யாரைப் பார்த்தாலும், “அம்பத்தி மூணு புள்ளி ஏழு!” என்பார், கேட்கிறவர் அது என்ன என்று விழிப்பார். மகள் சாயங்காலம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு ஓடினாள். ஓட்டம் முன்னைவிட நீண்டது. “ஸ்டாமினா ஏறியிருக்கு” என்று தாரணி டீச்சரே சொன்னார். ஆனால் பள்ளி மெஷினை மட்டும் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த மெஷினை அம்மா ஒரே வார்த்தையில் தள்ளிவைத்துவிட்டார்: “அது கெவர்மென்டு மெஷினு.”

அடுத்த செவ்வாய், தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, வீட்டு டிரம்மில் அரிசி தீர்ந்தது.

வழக்கமாக மூட்டையைத் தூக்கி வருவதும் டிரம்மில் கொட்டுவதும் செந்தில்குமார்தான். அன்று அவர் சவாரியில் இருந்தார். கடைக்குப் போய் வந்த அதே மூட்டையின் தையலை அக்கா தானே பிரித்தார். அரிசி சரசரவென்று டிரம்முக்குள் இறங்கியது. காலிப் பையை உதறி, மடித்துவைப்பதற்காகத் தரையில் விரித்தார். பையில் ஒரு மயில் படம். மயிலின் காலடியில் பெரிய எழுத்தில்: நிகர எடை 26 கிலோ.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நாள் முழுக்க எண்களோடு இருக்கிறவர். இத்தனை வருடத்தில் அந்தப் பையின் எண்ணை ஒருமுறைகூடப் படித்ததில்லை. இருபத்தைந்து கிலோ மூட்டை என்பது அவருக்கு ஒரு பெயர். பெயரை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை.

செந்தில்குமாருக்குப் போன் போட்டார்.

“டேய், அரிசி மூட்ட எத்தினி கிலோ?”

“இருபத்தஞ்சு கிலோ மூட்டக்கா.”

“உள்ள எத்தினி கிலோடா கீது?”

“இருபத்தாறு.”

“தெரிஞ்சிக்கினேவா அன்னிக்கு நீ அங்க நின்னு கத்துன?”

“யக்கா… இருபத்தஞ்சு கிலோ வரிக்கும் கீற மூட்டைக்கு டாக்ஸ் போட்டாங்கோ இல்ல, அதுலேர்ந்து தப்பிக்க ஒரு கிலோ சேத்து இருபத்தாறா கட்றாங்கோ. ஊருக்கே தெரியும். ஆனா எல்லாரும் இருபத்தஞ்சு கிலோ மூட்டன்னுதானே கேக்குறோம்? கடைக்காரனும் அப்டித்தான் சொல்றான். அன்னிக்கு நீ இருபத்தஞ்சுன்ன, மெஷினும் இருபத்தஞ்சுன்னுச்சு. குஷியில எனுக்கு ஒண்ணும் தோணல.”

அக்கா போனை வைத்தார். கணக்கு இப்போதுதான் விளங்கியது. அன்று கைதட்டு வாங்கியது தப்பான மெஷின். பொய்யர்கள் என்று தள்ளிவிட்டு வந்த இரண்டும்தான் உண்மை சொன்னவை. அவற்றோடு பள்ளி மெஷினும்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, கடை ஷட்டர் ஏறும்போதே அக்கா சுயம்புலிங்கத்தின் முன்னால் நின்றார். ஒரு கையில் அட்டைப்பெட்டி. இன்னொரு கையில் காலிப் பை. பையை விரித்துக் காட்டினார்.

சுயம்புலிங்கம் மயிலைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“நானும் மாசாமாசம் இந்த அரிசியத்தான தாயி வாங்கித் திங்கேன்! அன்னிக்கு எனக்கும் தோணலயே! இருபது பேரு நின்னோம், ஒருத்தருக்கும் தோணலயே!”

“சிரிக்காத அண்ணாச்சி. எம் பொண்ணுக்கு ஞாயித்துக்கெழம செலெக்சன்.”

சிரிப்பு நின்றது. முதல் மெஷினை அவரே எடுத்து, புது பேட்டரி போட்டு, தரையில் வைத்தார். “ஏறுங்க தாயி. இந்தத் தடவ நம்ம கடைப் படிக்கல்லு இருக்கு, முத்திரை போட்டது.” இருபது கிலோ படிக்கல்லோடு அக்கா ஏறினார். வித்தியாசம் மிகச்சரியாக இருபது. சாம்பல் மெஷின் அதே கல்லைப் பத்தொன்பது சொச்சம் என்றது.

“இத நான் கம்பெனிக்கே திருப்பி அனுப்புதேன். நீங்க அத எடுத்துட்டுப் போங்க. ஒண்ணு மட்டும், அந்தத் தண்ணி பாட்டில் சோதனைய எங்க மகேஷுக்கு இன்னொரு வாட்டி சொல்லிக் குடுத்துட்டுப் போங்க. இனிமே கடைக்குள்ள வாற ஒவ்வொரு மெஷினையும் அப்டிப் பாத்துத்தான் எடுப்பேன்.”

வியாழன் காலை தமிழ்நிலா புது மெஷினில் ஏறினாள்.

56.1.

இறங்கினாள். ஏறினாள். 56.1. மூன்றாவது முறை ஏறவில்லை. சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

“மூணு நாளு கீது” என்றாள். “நான் சாப்பிடல. தண்ணியும் குடிக்கல. எறக்கிடலாம்.”

“எறக்கலாம்” என்றார் அக்கா. “பார்க்குல நானும் பாத்துக்கினுதான் கீறேன். கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வாரத்துல அஞ்சு கிலோ எறக்குன பொண்ண. மெஷின்லேர்ந்து எறங்கும்போது என் தோளப் புடிச்சிக்கினுதான் எறங்குச்சு. நீ பட்டினி கெடந்து அம்பத்தஞ்சுல நின்னுடுவடி. அப்பால அந்தக் கோட்டாண்ட போயி யாரு பாடுறது? நானா?”

“அப்ப நான் போகவே வேணாமா?”

அக்கா தாரணி டீச்சருக்குப் போன் போட்டார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். மயில், மூட்டை, கைதட்டல், எல்லாம்.

“அம்மா, அதே மைதானத்துல அதே நாள் ஜூனியர் பிரிவுக்கும் செலக்ஷன் இருக்கு” என்றார் தாரணி. “அங்க அறுபத்தஞ்சு கிலோ வரைக்கும் விடுவாங்க. வயசு கம்மியா இருந்தாலும் ஆடலாம். பேர் குடுக்க இன்னிக்கு சாயங்காலம் கடைசி. நல்லவேளை, இன்னிக்கே சொன்னீங்க. ஞாயித்துக்கிழமை அங்க போய் நின்னு தெரிஞ்சிருந்தா ரெண்டுமே போயிருக்கும். ஆனா ஒண்ணு. அங்க வர்றதெல்லாம் பெரிய பொண்ணுங்க. காலேஜ் படிக்கிறவங்க. புடிச்சாங்கன்னா சாமானியமா விடமாட்டாங்க.”

ஸ்பீக்கரில் இருந்ததால் தமிழ்நிலாவும் கேட்டாள். சுவரை விட்டு நகர்ந்தாள்.

“புடிச்சாத்தானே டீச்சர்?” என்றாள்.

அன்று அந்த வீட்டில் காலைச் சாப்பாடு ஆறு இட்லி.

வெள்ளிக்கிழமை பூங்கா வாசலில் ஒரு கலவரம். புது மெஷினை வைத்து அக்கா தன் பழைய மெஷினைச் சரிபார்த்திருந்தார். அது எல்லோருக்கும் இரண்டு கிலோ குறைத்தே காட்டி வந்திருக்கிறது. ஸ்பிரிங்கை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. முள்ளைத் திருகி, யாரும் ஏறாதபோதே இரண்டில் நிற்கும்படி வைத்துவிட்டார். தினமும் வரும் ஸ்ரீவத்சன், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, குனிந்து பார்த்தார்.

“என்ன சொர்ணம் இது? யாருமே ஏறலை, ரெண்டு கிலோ காட்டறது!”

“அது என் தப்பு சார். இத்தினி நாளு கொறச்சிக் காட்டினு இருந்துச்சு. இப்பத்தான் கரெக்டு. ஏறுங்க.”

ஏறினார். எழுபத்து மூன்று.

“நேத்திக்கு எழுபத்தொண்ணு! ஆத்துல இருக்கற மெஷின்தான் எழுபத்து மூணுன்னு பொய் சொல்லிண்டிருக்குன்னு அதைத் தூக்கி லாஃப்ட்ல போட்டுட்டேன்!”

“எறக்கிடுங்க சார். அதான் நல்ல மெஷினு.”

“எனக்கு இந்த மெஷினைத்தானே பிடிச்சிருந்தது?” என்றார் ஸ்ரீவத்சன் பரிதாபமாக. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர்களும் ஒவ்வொருவராக ஏறி, ஒவ்வொருவராக முகம் தொங்கி இறங்கினார்கள். அன்று இரண்டு பேர் இன்னொரு சுற்று நடக்கத் திரும்பிப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் காலை ஐந்தரைக்கு எண் 56.3. மைதானத்தில் எட்டு மணிக்கு, ஒரு மேசையின் பக்கத்தில், ஆள் உயரக் கம்பி வைத்த எலக்ட்ரானிக் எடை மெஷின். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் தமிழ்நிலாவைவிட ஒரு தலை உயரம். நானும் போயிருந்தேன், வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். காலையில் தண்ணீர் மட்டும் குடித்திருந்த தமிழ்நிலா ஏறினாள். மேசையில் இருந்தவர் எண்ணை உரக்கப் படித்தார்.

“அம்பத்தி ஆறு புள்ளி நாலு.”

வேலியோரம் ஓர் அலறல். எல்லோரும் திரும்பினார்கள். சொர்ணம் அக்கா இரண்டு கையையும் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தார்.

“தண்ணி குடிச்சா! நூறு கிராமு தண்ணி! கரெக்டு! கரெக்டு மெஷினு!”

மேசைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. “அம்மா, அறுபத்தஞ்சு வரைக்கும் இருக்கலாம், ஒண்ணும் பிரச்சனை இல்லை” என்று ஆறுதல் சொன்னார்.

பிறகு ஆட்டம். முதல் ரெய்டில் தமிழ்நிலாவைப் பிடித்துவிட்டார்கள். ஒருத்தி கணுக்காலைப் பிடிக்க, இன்னொருத்தி இடுப்பைக் கட்ட, மூன்றாமவள் மேலே விழுந்தாள். மண்ணுக்குள் போய் வந்தாள் பெண். அக்கா கம்பிவேலியைப் பிடித்திருந்தார். இரண்டாவது ரெய்டு வெறுமனே போய் வெறுமனே திரும்பினாள். தேர்வாளர்கள் மூன்று பேரும் தாளில் ஏதோ எழுதினார்கள்.

மூன்றாவது முறை உள்ளே போனாள். கபடி, கபடி, கபடி. குரல் சன்னமாக, விடாமல், தையல் மெஷின் ஓடுவதுபோல. வலது மூலைக்குப் போவதுபோல் போனாள். அந்தப் பக்கம் இருந்த நெட்டைப் பெண் முன்னால் பாய்ந்தாள். தமிழ்நிலா அங்கே இல்லை. இடது கை நீண்டு ஒரு தோளைத் தொட்டது. நான்கு பேர் ஒரே நேரத்தில் அவள்மேல் விழுந்தார்கள். கால்களும் கைகளும் புழுதியும். அந்தக் குவியல் நடுக்கோட்டை நோக்கி நகர்ந்தது, ஒரு சாண், அரைச் சாண். குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. விரல்கள் மண்ணைப் பறித்தன. பாட்டு இன்னும் கேட்டது. உடம்பில் ஒரு வாரச் சாப்பாடு இல்லாதவளுக்கு அங்கே மூச்சு எப்போதோ அறுந்திருக்கும்.

நடுவிரல் கோட்டைத் தொட்டது.

விசில். தேர்வாளர் கையை உயர்த்தி, பிடித்தவர்கள் பக்கம் விரல்களைக் காட்டினார். ஐந்து. தொட்டவள் ஒருத்தி, விழுந்து பிடித்தவர்கள் நால்வர். ஒரே ரெய்டில் ஐந்து பேர் வெளியே. தாரணி டீச்சர் கையிலிருந்த தாளையெல்லாம் மேலே எறிந்துவிட்டு, பிறகு அவரே பொறுக்கிக்கொண்டிருந்தார். செந்தில்குமார் ஆட்டோ ஹாரனை விடாமல் அடித்தார். அக்கா வேலியைத் தாண்டப் பார்த்து, சேலை மாட்டி, அங்கேயே நின்று அழுதார், சிரித்தார்.

பன்னிரண்டு மணிக்குப் பெயர்களைப் படித்தார்கள். பதினான்கு பேர். பதினோராவது பெயர் தமிழ்நிலா. அந்தப் பட்டியலிலேயே வயதிலும் எடையிலும் சின்னவள் அவள்தான்.

மைதானத்துக்கு வெளியே ஒரு பிரியாணிக் கடை. ஐந்து பேர் ஒரே மேசையில் நெருக்கி உட்கார்ந்தோம். முழங்கை இரண்டும் சிராய்த்து, முடியெல்லாம் மண்ணோடு, தமிழ்நிலா தலை நிமிராமல் சாப்பிட்டாள். தட்டு காலியானதும் பரிமாறுகிறவரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

“இன்னொண்ணாடி?” என்றார் அக்கா.

“அறுபத்தஞ்சு வரிக்கும் வுடுவாங்கன்னு சொன்னாங்க இல்ல?” என்றாள் தமிழ்நிலா, எலும்பை உறிஞ்சிக்கொண்டே. “இன்னும் எட்டு கிலோவுக்கு மேல எடம் கீதும்மா.”